ஓட்டிங் கிராமத்துக்காக 57 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 என்று தமிழ்நாட்டுக்கு மொத்தம் 57 இடங்கள் இருக்கின்றன. நாகாலாந்துக்கு மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று. அந்த இருவரும் தொண்டை வறளப் பேசினாலும் அவை கேட்டுக்கொண்டு அடுத்த அலுவலுக்குப் போய்விட முடியும். நீங்கள் ஒருமித்து எழுந்தால் அப்படிப் போக முடியாது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த ஒன்றைப் பற்றி உங்களுக்கு எழுதத் துணிந்ததற்கு முதற்காரணம் இந்தக் கணக்குதான். நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். நாகாலாந்தை நேரில் கண்டதில்லை. தீர்ப்புகளையும் அவைக் குறிப்புகளையும் செய்திகளையும் படித்து அறிந்ததை வைத்தே எழுதுகிறேன். நான் கேட்கப்போவதும் பெரிதல்ல. 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தில், படையினர்மீது வழக்குத் தொடர ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லும் ஆறாம் பிரிவைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்.

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் உள்ள ஓட்டிங், கொன்யாக் நாகர்கள் வாழும் சிற்றூர். அவ்வூர் இளைஞர்கள் எட்டுப் பேர், திரு என்னும் இடத்திலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதற்காக ஒரு பிக்கப் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகளின் நடமாட்டம் பற்றித் தகவல் கிடைத்ததாகச் சொல்லி வழியில் பதுங்கியிருந்த ராணுவத்தின் 21ஆவது பாரா சிறப்புப் படைப்பிரிவினர் அந்த வண்டியைச் சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள், இருவர் படுகாயங்களுடன் தப்பினார்கள். இருட்டிய பிறகும் பிள்ளைகள் வீடு வந்து சேராததால் தேடிப் புறப்பட்ட ஊர்க்காரர்கள், ராணுவ வண்டியில் தார்ப்பாய்க்குள் சுற்றிவைக்கப்பட்டிருந்த உடல்களைக் கண்டார்கள். அங்கே மூண்ட கைகலப்பிலும் துப்பாக்கிச்சூட்டிலும் மேலும் ஏழு ஊர்க்காரர்கள் மாண்டார்கள். படைவீரர் ஒருவரும் இறந்தார். மறுநாள் மோன் நகரில் அசாம் ரைஃபிள்ஸ் என்னும் துணை ராணுவப் படையின் முகாம் முன் திரண்ட கூட்டத்தில் இன்னொருவர் சுடப்பட்டு இறந்தார். பொதுமக்களில் மொத்தம் 14 பேர். அவர்களில் ஒருவருக்குத் திருமணமாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

டிசம்பர் 6 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சர் இரு அவைகளிலும் அறிக்கை வாசித்தார். ஆள் அடையாளம் தவறிப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தார். அதே அறிக்கையில், வண்டியை நிறுத்தும்படி சைகை காட்டியதாகவும் அது நிற்காமல் விரைந்து செல்ல முயன்றதாகவும் சொன்னார். உயிர் பிழைத்தவர்களில் ஒருவர், எந்தச் சைகையும் காட்டப்படவில்லை, நேராகவே சுட்டார்கள் என்று மருத்துவமனையிலிருந்து செய்தியாளர்களிடம் கூறினார். அமைச்சர் தம் கூற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று கொன்யாக் அமைப்புகள் கோரின. இறந்துபோன கூலித் தொழிலாளர்கள் நிற்காமல் ஓடப் பார்த்தவர்கள் என்ற அந்த வாசகம் அவைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது. உங்கள் அவையின் குறிப்பு என்பதால் இதையும் உங்களிடமே சொல்கிறேன்.

இந்தக் கட்டத்தில் நாகாலாந்துக் காவல்துறை செய்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு சிறிய மாநிலத்தின் காவல்துறை, ராணுவத்தின் தேர்ந்த படைப்பிரிவு ஒன்றின்மீது சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, தடயங்களைத் திரட்டி, 2022 மே மாத இறுதியில் ஒரு மேஜர் உட்பட 30 படையினர்மீது மோன் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சுடுவதற்கு முன் ஆள் யாரென்று உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை என்பதும், ராணுவம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட செயல்முறை விதிகளே மீறப்பட்டன என்பதும் அக்குழுவின் முடிவு. அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2023 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் வழக்குத் தொடர அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பர் 17 அன்று, அனுமதி இல்லாததால் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. எப்போதாவது அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்தது. ராணுவம் விரும்பினால் ஒழுங்கு நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. சாட்சிகள் சொன்னது உண்மையா பொய்யா என்று எந்த நீதிபதியும் இதுவரை ஆராயவில்லை. ஆராயும் கட்டத்துக்கு வழக்கு போகவே இல்லை.

சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் நான்காம் பிரிவைப் பற்றியே பேசுகிறார்கள். கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற தடையை மீறுபவரை, உயிர் போகும் அளவுக்கும் சுடலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அச்சமூட்டும் பிரிவுதான், மறுக்கவில்லை. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை ஒடுக்க 1942இல் லின்லித்கோ பிரபு பிறப்பித்த அவசரச் சட்டம்கூட இந்த அதிகாரத்தைக் கேப்டனுக்குக் கீழே இறக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் சட்டம் அதை ஹவில்தார் வரை கொண்டுபோயிற்று. ஆனாலும் நான்காம் பிரிவின் எல்லையை மீறிச் சுட்டார்களா இல்லையா என்பதை விசாரித்துச் சொல்ல நீதிமன்றங்கள் இருக்கின்றன. அந்த விசாரணைக்கே பூட்டுப் போடுவது ஆறாம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் செயல்பட்டவர்மீது, ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல், குற்ற வழக்கோ உரிமையியல் வழக்கோ வேறெந்தச் சட்ட நடவடிக்கையோ தொடுக்க இயலாது என்கிறது அது. சுட்டவர் யாருடைய ஊழியரோ, அவரே வழக்குக்கான சாவியையும் வைத்திருக்கிறார்.

அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி தேவைப்படுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. பொய் வழக்குகளிலிருந்து நேர்மையான அலுவலரைக் காப்பதற்கான ஏற்பாடு என்ற அளவில் அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டைக்கூட நாடாளுமன்றம் அண்மையில் சற்றுத் திருத்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டால் 120 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். ஆறாம் பிரிவில் இப்படி ஒரு கெடுவும் கிடையாது. ஒரு வட்டாட்சியருக்கு எதிராகக் கேட்ட அனுமதிக்கு 120 நாள் கெடு உண்டு, பதினான்கு சாவுகளுக்கு இல்லை என்பதை எந்தக் கட்சிக்காரரிடம் சொன்னாலும் அவருக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறது. 1997 நவம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாகா மக்கள் மனித உரிமை இயக்கத்தின் வழக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், ஆறாம் பிரிவின்கீழ் அனுமதி தந்தாலும் மறுத்தாலும் அவ்வுத்தரவு நீதிமன்றத்தின் மறுஆய்வுக்கு உட்பட்டது என்றும், ஆகவே ஒன்றிய அரசு காரணங்களைக் கூறியே உத்தரவிட வேண்டும் என்றும் திட்டவட்டமாக எழுதியது. சட்டம் செல்லும் என்ற பாதியை அரசு வழக்கறிஞர்கள் அன்றிலிருந்து எல்லா வழக்குகளிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். மறுபாதி அத்தனை அடிக்கடி வெளியே எடுக்கப்படுவதில்லை. ஓட்டிங் வழக்கின் மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசே உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தது. ஆதாரங்களைப் பாராமலும் மனம் செலுத்தாமலும் இயந்திரத்தனமாக மறுத்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். ஒரு மாநில அரசு, தன் குடிமக்கள் 14 பேரின் சாவை விசாரிக்க அனுமதி கேட்டு ஒன்றிய அரசுக்கு எதிராக மனுப் போட வேண்டியிருப்பதை, மாநில உரிமைகளைப் பற்றி அவையில் நாள்தோறும் பேசும் நீங்கள் கவனிக்காமல் இருக்க இயலாது.

அனுமதி என்னும் கதவு எத்தனை முறை திறந்தது என்பதற்கு உங்கள் அவையிலேயே பதில் இருக்கிறது. 2018 ஜனவரி 1 அன்று பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் தந்த எழுத்துமூலப் பதிலின்படி, 2001 முதல் ஜம்மு காஷ்மீர் அரசிடமிருந்து வந்த கோரிக்கைகள் 50. அவற்றில் 47க்கு அனுமதி மறுக்கப்பட்டது, மூன்று நிலுவையில் இருந்தன. (காஷ்மீருக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே பூட்டு ஏழாம் பிரிவாக இருக்கிறது.) ஐம்பதும் பொய் வழக்குகளாக இருந்திருக்குமா? 2000 மார்ச்சில் காஷ்மீரின் பத்ரிபலில் ஐந்து பேரைக் கொன்று அவர்களை அந்நியத் தீவிரவாதிகள் என்று அறிவித்த நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அது போலி மோதல் என்று சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது என்று கூறி, ராணுவமே விசாரிப்பதா, குற்றவியல் நீதிமன்றத்துக்கு விடுவதா என்ற தெரிவை ராணுவத்திடம் தந்தது. ராணுவம் தானே விசாரிப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு, 2014 ஜனவரியில் போதிய சாட்சியம் இல்லை என்று கோப்பை மூடியது.

நான் படைவீரர்களின் எதிரியல்ல. ஓட்டிங்குக்கு மூன்று வாரம் முன்பு, 2021 நவம்பர் 13 அன்று, மணிப்பூரின் சுராசந்த்பூரில் தீவிரவாதிகள் பதுங்கித் தாக்கியதில் அசாம் ரைஃபிள்ஸ் கர்னல் ஒருவரும் அவருடைய மனைவியும் சிறுவனான மகனும் நான்கு வீரர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையாளிகளும் தண்டிக்கப்பட வேண்டும். இப்படிப்பட்ட சூழலில் பணியாற்றும் வீரர் ஒவ்வொரு முறை சுட்டதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. அனுமதி தருவதும் தண்டனை தருவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அனுமதி கிடைத்தால் அந்த 30 பேரும் நல்ல வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்வார்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார்கள், இருட்டையும் பதற்றத்தையும் கிடைத்த தவறான தகவலையும் எடுத்துச் சொல்வார்கள். அவர்களில் சிலரோ பலரோ விடுதலையும் ஆகலாம். உளவுத் தகவல் தந்தவர் யார், அதைச் சரிபார்க்கத் தவறியவர் யார் என்பதும் அப்போதுதான் வெளிவரும். தூண்டுவிசையில் கை வைத்த கடைநிலை வீரரைவிட, வழக்கு நடக்காமல் இருப்பதால் பயனடைகிறவர்கள் அவருக்கு மேலே இருப்பவர்கள் என்பது என் ஐயம்.

ராணுவம் தன்னளவில் உண்மையைக் கண்டறிய வல்லதுதான். 2010இல் காஷ்மீரின் மச்சிலில் வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் சென்ற மூன்று பேரைச் சுட்டுக் கொன்ற நிகழ்வில், ராணுவ நீதிமன்றமே ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2020இல் அம்ஷிபோராவில் மூன்று தொழிலாளர்கள் கொல்லப்பட்டதற்காக ஒரு கேப்டனுக்கும் அவ்வாறே விதித்தது. இரண்டு தண்டனைகளையும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பின்னர் நிறுத்திவைத்தது. ஓட்டிங்கைப் பற்றியும் ஒரு மேஜர் ஜெனரல் தலைமையில் உள்விசாரணை நடந்தது. பிள்ளையை இழந்த தாய் போய் உட்கார்ந்து கேட்கக்கூடிய திறந்த நீதிமன்றத்துக்கு ஈடாக இந்த விசாரணைகளில் எதையும் சொல்ல முடியாது.

மணிப்பூரைப் பற்றி விரிவாக எழுதினால் இந்த மடல் முடியாது. 1979 முதல் 2012 வரை அம்மாநிலத்தில் 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக, உறவினர்களை இழந்த குடும்பங்களின் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாதிரிக்காக ஆறு நிகழ்வுகளை ஆராய நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை என்று 2013இல் அக்குழு அறிக்கை தந்தது. 2016 ஜூலை 8 தீர்ப்பில் நீதிபதிகள் மதன் லோக்குரும் யு.யு. லலித்தும், கலவரப் பகுதியாகவே இருந்தாலும் படையினருக்கு முழு விலக்கு என்று ஒன்று கிடையாது என்றும், இறந்தவர் சாமானியரா தீவிரவாதியா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறாது என்றும் சொன்னார்கள்.

அரசே அமைத்த குழுக்களும் வேறு விதமாகச் சொல்லவில்லை. 2004 ஜூலையில் இம்பாலில் அசாம் ரைஃபிள்ஸ் பிடித்துச் சென்ற இளம்பெண் ஒருவர் குண்டுபாய்ந்த உடலாகக் கிடைத்து, மணிப்பூரின் தாய்மார் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்று போராடிய பிறகு, நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரும் அதில் உறுப்பினர். சட்டத்தை நீக்கிவிடலாம் என்று அக்குழு 2005 ஜூனில் பரிந்துரைத்தது. அவ்வறிக்கையை அரசு முறைப்படி வெளியிடவே இல்லை. நாளிதழ் வழியாகத்தான் நாடு அதைப் படித்தது. 2013 ஜனவரியில், பாலியல் குற்றச் சட்டங்களைச் சீரமைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, பாலியல் குற்றங்களுக்காவது படையினர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி தேவையில்லை என்று ஆக்கும்படி கேட்டது. பிற அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை அதை ஏற்றுச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், ஆறாம் பிரிவைத் தொடாமல் விட்டது. வல்லுறவு எந்தப் படைக்கடமையின் பகுதி என்று அன்றைக்கு அவையில் இருந்தவர்கள் சொல்ல வேண்டும்.

எங்கோ நடந்ததற்கு இங்கிருந்து ஏன் குரல் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சீருடையினர் ஊருக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை நாமும் கண்டவர்கள் என்பதால்தான். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் சந்தனக் கட்டை தேடுவதாக நுழைந்து, 18 பெண்களை வல்லுறவுக்கு உள்ளாக்கி, ஊரையே சூறையாடின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, உறுதிசெய்தது. 31 ஆண்டுகள் மிக நீண்ட காலம்தான். பலர் தீர்ப்பைக் கேட்காமலே இறந்தும் போனார்கள். ஆனாலும் அங்கே சிறப்பு அதிகாரச் சட்டம் இல்லாததால், பழங்குடிப் பெண்கள் கூண்டில் ஏறி ஒவ்வொருவராக ஆளை அடையாளம் காட்ட முடிந்தது. ஓட்டிங் பெண்களுக்கு அந்தக் கூண்டு இல்லை.

வாச்சாத்தியைச் சொல்லும்போது நமக்குத் தலை நிமிர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீரப்பன் தேடுதல் வேட்டையில் இரு மாநில அதிரடிப்படைகள் மலைக்கிராமத்தாரைப் பிடித்து மாதேஸ்வரன் மலையின் ‘ஒர்க் ஷாப்’ என்ற முகாமில் செய்த சித்திரவதைகளைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் சதாசிவா குழு விசாரித்தது. ஆணையம் 2007இல் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு பரிந்துரைத்தது. வீரப்பன் கொல்லப்பட்டதும் அதிரடிப்படையினருக்குப் பதவி உயர்வும் பரிசும் வீட்டு மனையும் கிடைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அந்த விசாரணையாவது நடந்தது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஆயுதப்படைகளைப் பற்றிய புகாரில் ஆணையம் ஒன்றிய அரசிடம் அறிக்கை கேட்கலாம், பரிந்துரை தரலாம். தானே போய் விசாரிக்க முடியாது. ஓட்டிங்குக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

ஓட்டிங் கிராமத்தார் ஒரு காரியம் செய்தார்கள். நிகழ்வு நடந்த சில நாட்களில் மாநில அமைச்சர் ஒருவரும் மாவட்ட நிர்வாகத்தினரும் ரூ.18,30,000ஐ அவர்களிடம் கொடுத்தார்கள். அன்பின் அடையாளமாகத் தந்தது என்று நினைத்து வாங்கிக்கொண்ட ஊர்ச்சபை, அது அரசு இழப்பீட்டின் ஒரு பகுதி என்று தெரிந்ததும், சுட்டவர்கள் நாட்டின் பொதுவான சட்டப்படி நீதியின் முன் நிறுத்தப்பட்டுச் சிறப்பு அதிகாரச் சட்டமும் நீக்கப்படும் வரை எந்த இழப்பீட்டையும் ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தது. நாகாலாந்துச் சட்டமன்றம் 2021 டிசம்பர் 20 அன்று சட்டத்தை நீக்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு வடகிழக்கின் பல மாவட்டங்களிலிருந்து சட்டத்தை விலக்கியது, நல்லதே. அதன் பின் வந்த அறிவிக்கைகளிலும் மோன் மாவட்டத்தின் பெயர் இருந்தது.

சட்டம் முழுவதையும் நீக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்களில் பலர் அதை ஏற்க மாட்டீர்கள் என்று அறிவேன். அதனால் இந்த மடலில் அதைக் கேட்கவில்லை. ஆறாம் பிரிவைத் திருத்தும் ஒரு தனிநபர் மசோதாவை உங்களில் ஒருவர் கொண்டுவர வேண்டும். அனுமதிக் கோரிக்கைக்கு 120 நாள் கெடு, காரணம் கூறும் கட்டாயம், மறுப்பு உத்தரவின் படியை இறந்தவரின் குடும்பத்துக்குத் தரும் கடமை, பாலியல் குற்றங்களுக்கு அனுமதியே தேவையில்லை என்ற வர்மா குழுவின் பரிந்துரை ஆகியவை அதில் இருந்தால் போதும். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பது எனக்குத் தெரியும். விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்காகவே கேட்கிறேன். அதற்கு முன்பாக, அடுத்த கூட்டத்தொடரில் கேட்பதற்கு ஒரு கேள்வியையும் உங்கள் செயலகத்துக்கு வேலை வைக்காமல் நானே எழுதித் தருகிறேன்:

பாதுகாப்புத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) ஓட்டிங் வழக்கில் 30 படையினர்மீது வழக்குத் தொடர அனுமதி மறுத்து 2023 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கேட்கும் காரணங்களைக் கொண்டிருக்கிறதா, (ஆ) ஆம் எனில், அதன் படி அவையின் மேசைமீது வைக்கப்படுமா, (இ) இல்லை எனில், ஏன் இல்லை, (ஈ) 1958 முதல் ஆறாம் பிரிவின்கீழ் வந்த அனுமதிக் கோரிக்கைகள், வழங்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கை, மாநிலவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் என்ன?

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்